பிடித்த அனிமேஷன் கேரக்டரை விளையாட்டு மேசைக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரு தொடரின் கடைசி எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த ஆளாக ஒரு நாளாவது வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றாத நல்ல தொடரே கிடையாது. டேபிள்டாப் ரோல்பிளேயிங் பக்கம் நான் வந்ததும் அந்த ஆசையால்தான். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம், ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வோம், ஒருவர் மட்டும் அந்த உலகத்தையும் அதில் இருக்கும் மற்ற எல்லோரையும் நடத்துவார் (டன்ஜன் மாஸ்டர் அல்லது கேம் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் அல்லது ஜிஎம் என்போம்), அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பேசியும் பகடை உருட்டியும் கண்டுபிடிப்போம். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் எத்தனையோ இருக்கிறது.

நான் முதலில் கொண்டுபோன கேரக்டர் ஸூக்கோ. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்பாவால் நாடு கடத்தப்பட்ட இளவரசன், இடது கண்ணைச் சுற்றித் தீக்காயத் தழும்பு. பெயரை மட்டும் மாற்றி, தழும்பு முதல் பெரியப்பா வரை அப்படியே இறக்கிவிட்டேன். மூன்றாவது செஷனிலேயே (ஒரு முறை கூடி விளையாடுவதை அப்படிச் சொல்வோம்) மனம் திருந்தும் வசனம் கையில் தயாராக இருந்தது, அதைச் சொல்ல இடம் தேடிக்கொண்டே மற்றவர்களின் காட்சிகளைத் தாண்டித் தாண்டிப் போனேன். செஷன் முடிந்து, கேரக்டர் விவரங்களை எழுதிய ஷீட்டுகளை அடுக்கும்போது நண்பர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "உன் கேரக்டருக்கு நாங்க தேவையே இல்லை போலிருக்கே." அந்த வார்த்தை ரொம்ப நாள் மனதில் தங்கியது. அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கேள்வியை எடுங்கள், விடையை அங்கேயே விடுங்கள்

ஒரு கேரக்டர் நம்மைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் உடையோ சக்தியோ கிடையாது. அடியில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். ஸூக்கோவுக்கு அது இப்படி: என்னைக் காயப்படுத்தியவரிடமிருந்தே நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று துடிக்கிறேனே, அந்த நல்ல பெயருக்கு இந்த விலை தகுமா? அவன் செய்வதெல்லாம், கத்துவது, துரத்துவது, பெரியப்பாவிடம் எரிந்து விழுவது, எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

தொடரில் இதற்கான விடையை எழுத்தாளர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். மேசையில் விடை யாருக்கும் தெரியாது, டிஎம்முக்கும் தெரியாது. விடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தால் விளையாடுவதற்கு என்ன மிச்சம்? மற்ற நாலு பேரும் உங்கள் நாடகத்தின் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். கேள்வியை மட்டும் கொண்டுவந்தால், அவர்கள் ஒவ்வொருவரும் அந்த விடையை மாற்றக்கூடியவர்கள்.

இந்த விளையாட்டுக்கும் அனிமேஷனுக்கும் இருக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. 1983இல் அதை வைத்து அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடங்கி, 1985 வரை 27 எபிசோடுகள் ஓடியது. கேளிக்கைப் பூங்காவின் ராட்டின வண்டியில் ஏறிய ஆறு பிள்ளைகள் வேறொரு உலகத்தில் போய் விழுகிறார்கள், ஆளுக்கொரு மாயப் பொருள் கிடைக்கிறது. அதில் எரிக் என்று ஒருவன், வாய் ஓயாமல் குறை சொல்வான், தன் பாடு மட்டும் பார்ப்பான். அவன் கையில் கொடுத்தது கேடயம், மற்றவர்களைக் காப்பாற்றும் பொருள். ஆளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் அந்த இழுபறியிலேயே எரிக்கின் கேள்வி வந்துவிடுகிறது. கேரக்டர் செய்யும்போது இதை அப்படியே கடன் வாங்கலாம். அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பினார்களா என்பதைச் சொல்ல வேண்டிய கடைசி எபிசோடு எழுதப்பட்டும் அப்போது தயாரிக்கப்படவில்லை. கேள்வி திறந்தே கிடந்ததும், ரசிகர்கள் அதை இத்தனை வருஷம் விடாமல் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும், மேசையிலிருந்து அனிமேஷனுக்கு, வந்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு குழு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடியதை 1986இலிருந்து 'காம்ப்டிக்' இதழ் உரையாடல் வடிவில் வெளியிட்டது, அதுதான் வளர்ந்து 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' ஆனது, 1990இல் 13 பாக அனிமே. அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் (கூர்காது கொண்ட கற்பனை இனம்) பெண்ணை மேசையில் முதன்முதலில் விளையாடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். பெண் கேரக்டர் எடுக்கலாமா, ஆண் கேரக்டர் எடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'கிரிட்டிக்கல் ரோல்' குழு. நண்பர்களாகச் சேர்ந்து வீட்டில் விளையாடியவர்கள், 2015இல் அதை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். 2019இல் ஒரு அனிமேஷன் படத்துக்கு ரசிகர்களிடம் 7,50,000 டாலர் கேட்டார்கள், 1.13 கோடி டாலருக்கு மேல் வந்தது. அதுதான் 2022 ஜனவரியில் 'தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மெஷினா' என்ற தொடராக வெளியானது. அவர்கள் மேசையில் உட்கார்ந்தபோது தங்கள் கேரக்டரின் முடிவு தெரிந்து உட்காரவில்லை, அதனால்தான் அந்தக் கதையில் அவ்வளவு உயிர்.

நோட்டோடு மறுபடி பாருங்கள்

சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்த கேரக்டர் அதிகம் வரும் ஒரே ஒரு எபிசோடைத் தேர்ந்தெடுங்கள். முழுத் தொடரையும் மறுபடி பார்க்க உட்கார்ந்தால் ரசித்துக்கொண்டே போய்விடுவீர்கள், நோட்டில் ஒன்றும் ஏறாது. முதல் முறை பார்க்கும்போது அந்த ஆள் எதை வேண்டும் என்கிறார், எதை மறைக்கிறார், நெருக்கடி வந்தால் முதலில் என்ன செய்கிறார் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றாவதுதான் மேசையில் அதிகம் உதவும், ஏனென்றால் மேசையில் நெருக்கடி பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வரும். பயந்தால் ஜோக் அடிப்பவரா, கணக்குப் போடுபவரா, யாராவது ஒருவர் முன்னால் போய் நிற்பவரா?

அடுத்து, அதே எபிசோடைச் சத்தமில்லாமல் பாருங்கள். நடிகர் நடிக்கும் படத்தில் கை தற்செயலாக அசையலாம். அனிமேஷனில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரையாமல் ஒரு விரல்கூட அசையாது. ஆக, ஒரு கேரக்டர் பேசும் முன் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறது என்றால் அது யாரோ யோசித்து முடிவுசெய்தது. சத்தத்தை நிறுத்தினால் இந்த முடிவுகள் பளிச்சென்று தெரியும். அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் உங்களிடம் இருப்பது குரலும் இரண்டு கையும்தான், மற்றவர்கள் மனதில் ஒட்ட ஒரு அசைவு போதும், ஐந்து அசைவு வைத்தால் ஐந்தும் மறந்துபோகும்.

இப்போது எழுதியதையெல்லாம் வைத்துக்கொண்டு கேள்வியை ஒரு வாக்கியமாக்குங்கள். அதில் தொடரின் பெயர், ஊர், சக்தி எதுவும் வரக் கூடாது. அந்தத் தொடரையே பார்க்காத ஒருவருக்குப் படித்துக் காட்டினால் அவருக்கு, "அட, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் இன்னும் மேல்தோலைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கஷ்டமான வேலைதான், எனக்குச் சில நேரம் நாலைந்து முறை அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

கேள்விக்கு வேறு உடம்பு கொடுப்பது

ஸூக்கோவின் கேள்வியை நான் இரண்டாவது முறை எப்படிப் பயன்படுத்தினேன் என்று காட்டுகிறேன்.

இளவரசனை எடுத்தேன், தீயை எடுத்தேன், அரண்மனையை எடுத்தேன், எல்லாவற்றையும் ஓரமாக வைத்தேன். மிச்சம்: பாராட்டுக்கும் உண்மைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளை. அப்படி ஒரு பிள்ளை வேறு எங்கே இருக்கலாம்? கோயில் மணி வார்க்கும் பட்டறையில் இருக்கலாம். பெயர் கயல். ஊரை எச்சரிக்கும் பெரிய மணியை வார்த்த அன்று அவள் அவசரப்பட்டு அச்சை உடைத்ததால் மணிக்குள் கீறல் விழுந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆபத்து வந்த இரவில் அடித்தபோது மணி பிளந்துவிட்டது. பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் மேல் அப்பா பழியைப் போட்டார், ஊர் அவனை விரட்டியது. இடிந்த கோபுரத்தில் ஏறி எஞ்சியவர்களைக் காப்பாற்றியவள் கயல் என்பதால், ஊருக்கு அவள் வீராங்கனை. அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

கேள்வி: ஒரு பொய்யின் மேல் எல்லோரும் என்னைக் கொண்டாடும்போது, உண்மையைச் சொல்லி அதை இழக்க எனக்குத் துணிவு வருமா?

ஸூக்கோவின் சாயல் எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அதே வலி. எங்கள் மேசையில் அந்தத் தொடரைக் கரைத்துக் குடித்தவர்கள் இருவர், அவர்களுக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு பொருள். இதை விட்டுவிடாதீர்கள். வாக்ஸ் மெஷினாவின் பெர்ஸியிடம் ஒரு துப்பாக்கி உண்டு, தன் குடும்பத்தை அழித்தவர்களின் பெயர்கள் அதன் குழல்களில் பொறித்திருக்கும். அவன் வாயே திறக்க வேண்டாம், துப்பாக்கியை எடுத்தாலே கதை வந்துவிடும். கயலிடம் இருப்பது பிளந்த மணியின் நாக்கு. முழங்கை நீள இரும்பு, அதைத்தான் ஆயுதமாக வீசுவாள். விதிப்படி அது வெறும் மேஸ் (தலை கனத்த தண்டாயுதம்), அடித்தால் ஆறு பக்கப் பகடை ஒன்று உருட்டி விழும் அளவு சேதம். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை, பெயரையும் தோற்றத்தையும் மட்டும் மாற்றினேன். இப்படிச் செய்தால் எந்த டிஎம்மும் மறுக்க மாட்டார், ஏனென்றால் சமநிலை கெடாது. 'சேக்ரட் ஃபிளேம்' போன்ற மந்திரத்தைக்கூட உங்கள் உலகத்தின் வேறு வெளிச்சமாக வர்ணிக்கலாம், விளைவு அதேதான். கயலுக்கு அந்த வேலையும் மிச்சம், அவள் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடுபவர்), கிளெரிக்குக்கு 'டோல் தி டெட்' என்றே ஒரு மந்திரம் இருக்கிறது. எதிரியைச் சுற்றி சாவு மணி ஒலிக்கும், தப்பாவிட்டால் எட்டு பக்கப் பகடை அளவு அடி, ஏற்கெனவே காயம்பட்ட எதிரி என்றால் பன்னிரண்டு பக்கப் பகடை. அதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதி முடியாது.

எண்களும் கதை சொல்லும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆறு திறன்கள்: வலிமை, வேகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். எளிய முறையில் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை இவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பீர்கள். எல்லோரும் 15ஐ எங்கே வைப்பது என்று மண்டையை உடைப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் 8ஐ வையுங்கள். நமக்குப் பிடித்த அனிமேஷன் கேரக்டர்களை எண்ணிப் பாருங்கள், அவர்கள் எதில் சொதப்புவார்கள் என்பதுதான் முதலில் ஞாபகம் வரும்.

கயலுக்கு 8 வசீகரத்தில். பொய் சொல்வதற்கான பகடை உருட்டல் வசீகரத்தில்தான் நடக்கும், 8 என்றால் ஒவ்வொரு முறையும் ஒன்று கழியும். அதாவது, ஒரு பெரிய பொய்யைச் சுமக்கிறவளுக்குப் பொய் சொல்லவே வராது. இலக்கு 15 என்று டிஎம் சொன்னால், இருபது பக்கப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு 25 முறைதான் நடக்கும். இதை வைத்த பிறகு கதைக்காக நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, யாராவது அந்த இரும்பைப் பற்றிக் கேட்டாலே பகடை பயமுறுத்தும்.

ஒன்று சொல்ல வேண்டும், இந்த ஒரே விளையாட்டுதான் என்று கட்டாயம் இல்லை. கேரக்டரின் மனப் போராட்டம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்காகவே செய்த விளையாட்டுகள் இருக்கின்றன. 'அவதார் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு கேரக்டருக்கும் எதிரெதிரான இரண்டு கொள்கைகள், நடுவில் ஒரு சமநிலைக் கோடு, நீங்கள் செய்வதைப் பொறுத்தும் மற்றவர்கள் தள்ளுவதைப் பொறுத்தும் அந்தக் கோட்டில் நகர்வீர்கள். 'மாஸ்க்ஸ்' விளையாட்டில் பதின்வயது சூப்பர் ஹீரோக்கள், அடிபட்டால் குறைவதற்கு அதில் உயிர்ப் புள்ளி கிடையாது, பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை, தாழ்வு மனப்பான்மை என்று ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். டீன் ஏஜ் நாயகர்கள் வரும் அனிமேஷன் தொடர்கள் பிடித்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. இந்த இரண்டிலும் ஆறு பக்கப் பகடை இரண்டு உருட்டுவோம்: 6 வரை என்றால் சிக்கல், 7 முதல் 9 வரை என்றால் கிடைக்கும் ஆனால் ஏதோ ஒரு விலையோடு, 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. கேரக்டரின் திறனுக்காக ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்றால், 36 சேர்க்கைகளில் 16 அந்த நடு இடத்தில் விழும். கதை வளர்வதெல்லாம் அந்த நடு இடத்தில்தான்.

புத்தகம் படிக்கவே நேரமில்லை, இன்று சாயந்திரமே விளையாட வேண்டும் என்றால் ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' எடுங்கள். இலவசம், ஒரே பக்கம். 2 முதல் 5க்குள் ஒரு எண் தேர்ந்தெடுப்பதுதான் கேரக்டரின் முழுக் கணக்கும். அறிவால் செய்யும் காரியத்துக்குப் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், உணர்ச்சியால் செய்வதற்கு மேலே விழ வேண்டும். சரியாக அதே எண் விழுந்தால் ஜிஎம்மிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விண்வெளி கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் எல்லோரும் உள்ளே இருப்பார்கள்.

பேக்ஸ்டோரி: சுருக்கமாக, ஓட்டைகளோடு

கேரக்டரின் முன்கதைக்குப் பத்து வரி. அதற்கு மேல் எழுதாதீர்கள். எழுத ஆசையாக இருக்கும், எனக்கும் இருக்கிறது, பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனவன்தான் நானும். ஆனால் டிஎம் அதைப் படித்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பார், ஏனென்றால் எல்லாக் கதவையும் நீங்களே சாத்திவிட்டீர்கள். பத்து வரிக்குள் மூன்று பேர் பெயரைக் கொடுங்கள், மூன்று பேரையும் உயிரோடு விடுங்கள். (பெற்றோர் எல்லோரும் இறந்துபோன கேரக்டர்கள் மேசையில் ரொம்ப அதிகம், உயிரோடு இருக்கும் ஒரு அம்மா கொடுக்கும் தலைவலி எந்த டிராகனாலும் கொடுக்க முடியாது.) நான் கொடுத்தது: அப்பா, விரட்டப்பட்ட பையன், அந்த இரவில் எல்லாவற்றையும் பார்த்திருக்கக்கூடிய ஒரு கிழவி. கிழவி உண்மையிலேயே பார்த்தாளா? எழுதவில்லை. அது டிஎம்முக்கான ஓட்டை.

ஷீட்டைப் பென்சிலால் எழுதுங்கள்.

மற்றவர்களிடம் பேசிவிட்டு உட்காருங்கள்

முதல் செஷனுக்கு முன்னால் 'செஷன் ஸீரோ' என்று ஒன்று வைப்போம், விளையாடாமல் பேச மட்டும் கூடுவது. இதைத் தாண்டிப் போகாதீர்கள். கார்ட்டூன் என்றதும் ஒருவர் மனதில் சிரிப்பும் கலகலப்பும் வரும், இன்னொருவர் மனதில் ரத்தமும் பழிவாங்கலும் வரும், இரண்டும் அனிமேஷன்தான். எந்த மாதிரித் தொடர் போல நம் கதை இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லுங்கள், பத்து நிமிஷத்தில் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்த விஷயம் கதைக்குள் வரவே கூடாது, எது வந்தாலும் விவரமாகக் காட்டாமல் தாண்டிவிட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றுக்கு 'லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்' என்று பெயர். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டையும் வைக்கலாம், யாருக்காவது சங்கடமானால் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவோம். குற்றவுணர்வு, குடும்பக் காயம் போன்ற கனமான கேள்வியோடு வருகிறவர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் முக்கியம்.

அப்புறம், குழுவில் ஒருவரோடாவது முன்பே முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ட்வார்ஃப் (குள்ளமான கற்பனை இனம்) போர்வீரராக விளையாடும் நண்பர் ஒருவர் இருந்தார், அவரிடம், "அந்த இரவில் நான் காப்பாற்றியவர்களில் உன் கேரக்டரும் இருந்தால் சரியா?" என்று கேட்டேன். அவர் ஒரு வினாடி யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த ஒரு கேள்வியில் என் ரகசியம் எனக்கு மட்டும் சொந்தமில்லாமல் போனது, அவரும் அதற்குள் வந்துவிட்டார், அவருக்குத் தெரியாமலேயே.

விளையாடும்போது

குரல் மாற்றிப் பேச வராது என்று கூச்சப்படுகிறவர்கள் நிறைய. வர வேண்டியதே இல்லை. "கயல் பதில் சொல்லாமல் இரும்பைத் துணியில் சுற்றுகிறாள்" என்று சொன்னால் அதுவும் முழு ரோல்பிளேதான். சத்தமில்லாமல் பார்த்து எடுத்த அந்த ஒரு அசைவு இங்கேதான் கைகொடுக்கும். கயலுக்கு அது, பொய் சொல்லும்போது கட்டைவிரலால் இரும்பின் நுனியைத் தேய்ப்பது. நான் பென்சிலைப் பிடித்துத் தேய்ப்பேன். நாலாவது செஷனுக்குள் மேசையில் எல்லோரும் அதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் ஒன்றும் விளக்கவில்லை.

உங்கள் கேள்வி ஒவ்வொரு செஷனிலும் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல தொடர்களில் எபிசோடுக்கு ஒருவர் நடுவில் நிற்பார், மற்றவர்கள் அவரைத் தாங்குவார்கள். உங்கள் முறை இல்லாத நாளில் உங்கள் வேலை மற்றவர்களைக் கேள்வி கேட்பது: ஏன் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாய், உன் அக்கா கடிதத்தில் என்ன எழுதினாள்? கேட்கப்பட்டவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன், யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வாரம் காத்திருந்திருப்பார்.

தப்பான முடிவெடுக்கவும் உங்களுக்கு அனுமதி கொடுங்கள். ஸூக்கோவுக்கு இரண்டாம் சீசன் முடிவில் மாறுவதற்கு முழு வாய்ப்பு வருகிறது, அவன் தங்கையோடு சேர்ந்து பெரியப்பாவையே கைவிடுகிறான். பார்த்தபோது மனசே உடைந்தது. ஆனால் அந்தத் தப்பு இல்லாமல் மூன்றாம் சீசன் கிடையாது. நான் முதல் முறை கோட்டை விட்டது இதைத்தான், தப்புச் செய்யாமல் நேராகத் திருந்தப் பார்த்தேன்.

ஏழாவது செஷன். ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறோம், சண்டை எதுவும் இல்லை. ட்வார்ஃப் நண்பர் சும்மா கேட்டார்: "அந்த மணியை வார்த்த பையனை நீ பார்த்திருக்கியா? அவன் கிடைச்சா என் கையால ஒரு கணக்கு பாக்கி இருக்கு." டிஎம் என்னைப் பார்த்தார், பொய் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று பகடையை உருட்டினேன். 4. ஒன்று கழித்தால் 3. நான் பொய் சொல்கிறேனா என்று அறிய ட்வார்ஃப் நண்பர் உருட்டியது 11. யாரும் பேசவில்லை. நான் பென்சிலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "அவன் இல்லையா?" என்றார். நான் எந்த வசனமும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "நான்" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய கேரக்டர் எழுந்து வெளியே போய்விட்டது. இரண்டு செஷன் கயலிடம் பேசவில்லை. அந்த நண்பர் வீட்டுக்குப் போய் எனக்கு அனுப்பிய செய்தி, இன்னும் அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன்: "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் உண்மையா விளையாடினேன்."

டிஎம்மாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம்

யாராவது தொடரில் பார்த்த கேரக்டரை அப்படியே கொண்டுவந்தால் முகம் சுளிக்காதீர்கள், பெரும்பாலோர் உள்ளே வரும் வாசல் அதுதான். அந்த ஆளிடம் உனக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள், பதிலை இரண்டு மூன்று முறை தோண்டினால் கேள்வி தானாக வெளியே வரும். செஷனைத் திட்டமிடும்போது எபிசோடு போல யோசிப்பது எனக்கு உதவுகிறது: ஒரு இடம், ஒரு சிக்கல், முடியும்போது ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். தொடரில் 22 நிமிஷத்தில் முடிவது மேசையில் மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும், அதனால் மூன்று சிக்கலைத் திணிக்காதீர்கள். விடைகளைத் தயார் செய்யாதீர்கள், ஆட்களைத் தயார் செய்யுங்கள். எங்கள் டிஎம் அந்தக் கிழவியை மட்டும் எழுதி வைத்திருந்தார், அவள் எதைப் பார்த்தாள் என்பதை நாங்கள் அவளிடம் பேசிய விதத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்தார்.

போகப்போக உங்கள் கேரக்டர் எடுத்த இடத்தைவிட்டு விலகும், ஒரு நாள் அந்தத் தொடரை மறுபடி பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடிக்க வேண்டாம். கயலுக்கு இப்போது ஸூக்கோவைப் போலக் கோபமே வருவதில்லை, ட்வார்ஃபோடு சேர்ந்து கெட்ட கெட்ட பாட்டு பாடுகிறாள், அதை நான் திட்டமிடவே இல்லை.

போன செஷனில் அந்தப் பையனைக் கண்டுபிடித்தோம். பையன் இல்லை, இப்போது தாடி வைத்த ஆள், சொந்தமாகப் பட்டறை. கயல் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், அவன் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, "அந்த மணி நாக்கைக் கொடு, உருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னான். டிஎம் அங்கே நிறுத்திவிட்டார், நோட்டை மூடிவிட்டார், நாங்கள் எல்லோரும் கத்தினோம். அடுத்த சனிக்கிழமைதான் உட்காருகிறோம். ஷீட்டில் ஆயுதம் என்ற கட்டத்தில் அது இன்னும் இருக்கிறது, பென்சிலால் எழுதியது.